பொருளியற் பேரறிஞர் இர்விங் பிஷர்

பொருளியல் என்னும் துறையைக் கணிதத்தின் துணைகொண்டு வகுத்தமைத்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்கப் பேராசிரியர் இர்விங் பிஷர் ஆவர். வட்டி எவ்வாறு அமைகின்றது, பணத்தின் மதிப்பு ஏன் ஏறி இறங்குகின்றது, விலைவாசியின் போக்கை எண்ணால் அளப்பது எங்ஙனம் என்பவற்றைப் பல்கலைக்கழக மாணவர் இன்று பயிலும்போதும் பெரும்பாலும் அவர் வெட்டிய வழியிலேயே நடக்கின்றனர். ஆயினும் அவர் பெயர் பொதுமக்கள் நாவில் வழங்குவது இவற்றினால் அன்று. 1929 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஓர் இராப்போசன விருந்திலே அவர் கூறிய ஒரேயொரு வாக்கியத்தினாலேயே அவர் பலராலும் நினைக்கப்படுகின்றார்.

அவ்வாக்கியத்தை எடுத்துக் காட்டி அவரை எள்ளி நகையாடுதல் எளிது. நூற்றாண்டை எட்டும் காலமாகப் பலரும் அதனையே செய்து வருகின்றனர். அவர் போலிப் புலவராயிருந்தால், அன்றிப் பிறர் பொருளைக் கவர எண்ணிய வஞ்சகராயிருந்தால், அவர் சரித்திரத்தை எழுதப் புகவேண்டியதே இல்லை. அவர் தம் காலத்து மாபெரும் அறிஞர், உண்மையானவர், தாம் சொன்னதைத் தாமே நம்பித் தம் செல்வம் அனைத்தையும் அதன்மீது வைத்தவர். அதனாலேயே அவர் வாழ்க்கை நம் கவனத்துக்கு உரியதாகின்றது.

இர்விங் பிஷர் 1867 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்துச் சோகர்ட்டீஸ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் கிறித்தவ சபையொன்றின் போதகர். மகன் யேல் பல்கலைக்கழகத்திற் புகவிருந்த 1884 ஆம் ஆண்டிலே தந்தையார் சயரோகத்தால் இறந்தார். தாயையும் இளைய தம்பியையும் தாங்கும் பொறுப்பு அந்தப் பதினேழு வயது இளைஞர் தலைமேல் விழுந்தது. பிற மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தும், பரிசுகளை வென்றும், அவ்வருவாயால் குடும்பத்தையும் கல்வியையும் ஒருங்கே நடத்தினார். 1888 இல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். 1891 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகம் பொருளியலில் வழங்கிய முதற் கலாநிதிப் பட்டம் அதுவே.

அப்பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுநூல் விலைகள் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதைக் கணித முறையில் ஆராய்ந்தது. அவருக்கு வழிகாட்டியவருள் ஒருவர் பௌதிக மேதை வில்லாட் கிப்ஸ். ஆசிரியர் பௌதிகர் ஆனமையாற் போலும், மாணவர் ஏட்டுச் சமன்பாடுகளோடு அமைந்துவிடவில்லை. நீர்த்தொட்டிகளும் நெம்புகோல்களும் குழாய்களும் கொண்ட ஒரு பொறியையே 1893 இல் அமைத்துவிட்டார். ஓரிடத்தில் நீரைக் கூட்டினால் ஏனைத் தொட்டிகளில் மட்டம் தானே மாறும். அவ்வாறே ஒரு பண்டத்தின் விலை மாறினால் ஏனைய விலைகளும் மாறுமென்று மாணவர் கண்முன்னே காட்டினார். சந்தையைப் பொறியாகக் காணும் இப்பார்வை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை என்பதை வாசகர் மனத்திருத்துக.

1896 இல் அவர் வெளியிட்ட வட்டி பற்றிய ஆராய்ச்சியொன்று நமக்குச் சிறப்பாக உவப்பளிப்பது. இந்திய அரசாங்கம் அக்காலத்தில் பொன் நாணயத்திலும் வெள்ளி ரூபாயிலும் தனித்தனியே கடன் பெற்றிருந்தது. இருவகைக் கடன் பத்திரங்களும் இலண்டன் சந்தையில் விலைபோயின. கடனாளி ஒருவரே, நாணயம் மாத்திரமே வேறு. ஆகவே இரண்டின் வட்டிக்கும் இடையிலுள்ள வேற்றுமை, ரூபாயின் மதிப்பு மேலும் விழும் என முதலீட்டாளர் எத்துணை எதிர்பார்த்தனர் என்பதைக் காட்டுமன்றோ? இந்நுட்பத்தைக் கண்டு பயன்படுத்தியவர் பிஷர். இலங்கையிலும் வழங்கிய அதே வெள்ளி ரூபாயே அது. மக்கள் எதிர்காலத்தை ஓரளவே காண்கின்றனர், விலை மாற்றத்தை முன்னறிந்து வட்டியை முற்றும் திருத்திக்கொள்ள அவர்களால் இயலவில்லை என்னும் முடிவுக்கு அவர் அன்றே வந்திருந்தார். பிறருடைய முன்னறிவின் குறையை இருபத்தொன்பதாம் வயதிலேயே அளந்து காட்டியவர் அவர்.

1893 இல் அவர் மார்கரெற் ஹசாட் என்னும் பெண்மணியை மணந்தார். மாமனார் றோட் ஐலண்ட் மாநிலத்திலே கம்பளி ஆலை நடத்திய பெருஞ் செல்வர். நியூ ஹேவன் நகரத்துப் புறொஸ்பெக்ட் வீதியில் மணமக்களுக்கு விசாலமான வீடொன்றைக் கட்டிக் கொடுத்தார். நம்மவர் வழக்கிற் சொல்வதாயின் அது சீதன வீடு. அதன் கதை பின்னர் வரும்.

1898 இல் முப்பத்தொரு வயதில் முழுப் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே தந்தையைக் கொன்ற சயரோகம் அவரையும் பற்றியது. கற்பித்தலை விட்டு மூன்று ஆண்டுகள் சரணாக், கொலராடோ ஸ்பிறிங்ஸ், சாந்தா பார்பரா என நல்ல காற்றைத் தேடி அலைந்தார். பிழைத்தெழுந்தவர் உடல் நலத்தை ஒரு சமயமாகவே கொண்டார். மதுவும் புகையிலையும் தேயிலையும் கோப்பியும் விலக்கினார். புலால் உண்போரையும் உண்ணாதோரையும் கொண்டு யேலிலே உடல் தாங்குந் திறனைச் சோதித்து, புலால் உண்ணாதோரே நெடுநேரம் தாங்குகின்றனர் என்று 1907 இல் கட்டுரை வெளியிட்டார். வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து 1915 இல் அவர் வெளியிட்ட உடல்நல நூல் பல பதிப்புகள் கண்டது. பொருளியல் நூல்கள் எதுவும் அவருக்கு அத்தனை வாசகரை ஈட்டித் தரவில்லை.

ஐயம் என்பது அவருக்கு அயலான குணம். எதனைக் கையில் எடுத்தாலும் எண்ணால் அளந்து, முடிவு கட்டி, அம்முடிவை உலகம் ஏற்றே தீரவேண்டுமெனப் பிரசாரஞ் செய்யும் இயல்பினர். மதுவிலக்குக்காக நூல்கள் எழுதினார். மனித குலத்தைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ய வேண்டுமென்ற கொடிய கொள்கைக்கும் அமெரிக்காவில் முன்னணித் தலைவராய் நின்றார். பின்னாளில் அக்கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை உலகம் கண்டது. அவர் மீது விழுந்த கறைகளுள் பங்குச் சந்தைக் கறையினும் இதுவே பெரிது என்பது என் கருத்து.

அளவிறந்த உறுதி பிறரிடத்தில் இருந்தபோதும் அவர் அதற்கு வசப்பட்டார். மூத்த மகள் மார்கரெற் இருபது வயது கடந்த பருவத்தில் மனநோய்க்கு ஆளானார். மனநோய்க்குக் காரணம் பல்லிலும் தொண்டையிலும் குடலிலும் மறைந்திருக்கும் கிருமியே, அவ்வுறுப்புகளை அகற்றினால் நோய் தீரும் என்று ஐயமின்றி முழங்கிய ஹென்றி கொட்டன் என்னும் வைத்தியர் அக்காலத்தில் நியூ ஜேர்சி அரசினர் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்தார். பிஷர் மகளை அவரிடம் ஒப்புவித்தார். சத்திர சிகிச்சைகளின் பின் 1919 இல் அப்பெண் இறந்தார். கொட்டனின் கொள்கை அடிப்படையற்றதென்பதை மருத்துவ உலகம் பின்னர் தெளிந்தது.

இனி அவர் செல்வரான கதைக்கு வருவோம். கூட்டங்களுக்கும் இயக்கங்களுக்கும் இடையிலே நாடோறும் வந்து குவியும் பெயர்களையும் விலாசங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டிய தேவை அவருக்கிருந்தது. பெட்டியில் அடுக்கிய அட்டைகளைப் புரட்டித் தேடுவது வீண் காலம். அட்டைகளை ஒன்றன்மேலொன்று சிறிது விலகி நிற்குமாறு அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியும்படி செய்தால், வேண்டியதை ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ளலாமன்றோ? இவ்வெளிய கருத்துக்கு 1913 இல் ஆக்கவுரிமை பெற்றார். மனைவியின் பொருளைக்கொண்டு கம்பனி தொடங்கினார். 1925 இல் அது பெரியதொரு போட்டிக் கம்பனியோடு இணைந்தது. அதுவும் 1927 இல் றெமிங்டன் றான்ட் என்னும் மாபெரும் அலுவலகப் பொறிக் கம்பனியாயிற்று. பிஷருக்குக் கிடைத்தவை பங்குகள். அவற்றை ஈடுவைத்துக் கடன் வாங்கி மேலும் பங்குகளை வாங்கினார். 1929 இல் அவர் சொத்து ஏறத்தாழ ஒரு கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. பேராசிரியர் ஒருவர் தம் மூளையிற் பிறந்த சிறு உபாயத்தால் கோடீசுவரரானார். புதுமைக் கண்டுபிடிப்புச் செல்வமாக மாறும் என்பதற்கு அவருக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

அக்காலம் எத்தகையது? மின்விளக்கும் மோட்டார் வண்டியும் அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்த காலம். எல்லாவற்றினும் மேலாக வானொலி. 1919 இல் அமைந்த றேடியோ கோப்பரேசன் ஒவ் அமெரிக்கா என்னும் கம்பனியின் பங்கு 1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 85 டொலருக்கு விற்றது. அவ்வாண்டு முடிவில் 420 டொலர். 1929 செப்டெம்பர் 3 ஆந் திகதி பழைய பங்கின் கணக்கிற் பார்த்தால் 505 டொலர். இடையில் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தமையால் புதிய பங்கின் விலை 101 என்றாயிற்று. அதுவரை அக்கம்பனி தன் பங்காளருக்கு ஒரு சதமேனும் பங்கிலாபம் கொடுத்ததில்லை. விமானமும் அவ்வாறே மக்கள் மனத்தைக் கவர்ந்தது. சீபோர்ட் எயர் லைன் என்னும் பெயரைக் கண்டு விமானக் கம்பனியென எண்ணி அதன் பங்கை வாங்கியோர் உளர். அது வெறும் இருப்புப்பாதைக் கம்பனி!

வாங்கியவர் எல்லாரும் கைப்பணங் கொடுத்து வாங்கவில்லை. விலையின் ஒரு பகுதியைத் தாம் கட்டி, எஞ்சியதைத் தரகரிடம் கடனாகப் பெற்று, வாங்கிய பங்கையே ஈடாக வைத்தனர். விலை ஏறும்போது இலாபம் பன்மடங்காகும். இறங்கினாலோ தரகர் மேலும் பணங் கேட்பார். கொடுக்க இயலாதவன் பங்கு அன்றே விற்கப்படும். 1929 ஒக்டோபரில் இத்தரகர் கடன் 800 கோடி டொலருக்கு மேற்பட்டிருந்தது.

இச்சூழலிலே பிஷரின் சொல்லுக்கு இருந்த மதிப்பை இன்று நாம் எண்ணிப் பார்த்தல் அரிது. 1923 முதல் கிழமைதோறும் அவர் கணித்து வெளியிட்ட விலைச் சுட்டெண்ணைப் பல பத்திரிகைகள் அச்சிட்டு வந்தன. அவர் கூறிய நியாயங்களும் வெறும் ஆரவாரம் அல்ல. கம்பனிகள் ஆராய்ச்சிச்சாலைகளை அமைத்து விஞ்ஞானிகளைப் பணிக்கமர்த்தியுள்ளன. அவற்றின் கண்டுபிடிப்புகள் வருங்கால இலாபத்தைப் பெருக்கும். நிருவாகம் திருந்தியுள்ளது. மதுவிலக்கால் தொழிலாளர் திறன் கூடியுள்ளது. விலைவாசி நிலையாக நிற்கின்றது. கடன் பத்திரத்தினும் பங்குகளே நீண்டகாலத்தில் நலந் தருவன என்று 1924 இல் எட்கர் லோறன்ஸ் சிமித் தமது நூலிலே புள்ளிவிபரத்தோடு காட்டியிருந்தார். ஆகவே பங்குகளின் உயர்ந்த விலை நியாயமான விலையே என்பது பிஷரின் வாதம். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்து நோக்கினால் மறுப்பது எளிதன்று.

மறுத்தவர் இல்லாமற் போகவில்லை. றொஜர் பாப்சன் என்னும் புள்ளிவிபர வல்லுநர் செப்டெம்பர் 5 ஆந் திகதி நடந்த மாநாடொன்றில், வீழ்ச்சி வந்தே தீரும், அது பெருவீழ்ச்சியாகவும் இருக்கலாம் என்று எச்சரித்தார். அன்றே சந்தை சற்றுத் தளர்ந்தது. பிஷர் உடனே பத்திரிகைகள் வாயிலாக அதனை மறுத்தார். பாப்சனைத் தீர்க்கதரிசியெனப் போற்றுவாருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். அவர் அதே எச்சரிக்கையை முந்திய இரண்டு ஆண்டுகளிலும் விடுத்திருந்தார். 1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டவ் ஜோன்ஸ் சுட்டெண், 1929 செப்டெம்பர் 3 இல் 381 ஐத் தாண்டியது. அவர் சொற்கேட்டு முன்னரே விலகியவன் இவ்விடைக்காலம் முழுவதும் அயலவர் செல்வராவதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருப்பான். வீழ்ச்சி வரும் என்பதை அறிதல் ஒன்று. என்று வரும் என்பதை அறிதல் மற்றொன்று. பின்னதை அறிந்தவர் இருவருள் எவரும் இலர்.

ஒக்டோபர் 15 ஆந் திகதி இரவு, நியூயோர்க் நகரிலே கொள்வனவு முகவர் சங்கத்தாரின் விருந்தில் பிஷர் உரையாற்றினார். பங்கு விலைகள் இனி இறங்காத மேட்டுநிலமொன்றை எட்டியுள்ளன போலத் தோன்றுகின்றன என்றும், சில மாதங்களில் இன்னும் கணிசமாக உயருமென்றும் கூறினார். மறுநாட் பத்திரிகைகள் அதனை வெளியிட்டன. ஒன்பது நாள்கள் கழிந்தன. 24 ஆந் திகதி வியாழக்கிழமை 1 கோடியே 29 இலட்சம் பங்குகள் கைமாறின. 28 ஆந் திகதி திங்கட்கிழமை ஒரேநாளில் சுட்டெண் நூற்றுக்குப் பதின்மூன்று வீதமளவில் விழுந்தது. மறுநாட் செவ்வாய்க்கிழமை மேலும் பன்னிரண்டு வீதம்; அன்று விற்கப்பட்ட பங்குகள் 1 கோடியே 64 இலட்சம். விலைகளை அறிவிக்கும் நாடாப் பொறி மணிக்கணக்காகப் பின்தங்கியமையால், தாம் அழிந்துவிட்டோமா இல்லையா என்பதையே பலர் இரவுவரை அறியாது தவித்தனர்.

பிஷர் அதன் பின்னும் அசையவில்லை. 1930 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவ்வீழ்ச்சியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். விலைகள் மிகையாக விழுந்துள்ளன, எதிர்காலம் ஒளியுள்ளது என்பது அதன் சாரம். தம் பங்குகளை விற்கவில்லை. விற்றுத் தப்ப வாய்ப்பிருந்த மாதங்களிலும் பிடித்தே வைத்திருந்தார். 1932 யூலை 8 ஆந் திகதி டவ் ஜோன்ஸ் சுட்டெண் 41.22 இல் நின்றது. உச்சத்தில் நூறு டொலராயிருந்தது பதினொரு டொலராயிற்று என்பதே இதன் பொருள். றேடியோக் கம்பனியின் 101 டொலர்ப் பங்கு இரண்டரை டொலருக்கு வந்தது. றெமிங்டன் றான்ட் பங்கும் அதே கதிக்கு ஆளானது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். வானொலியைப் பற்றிப் பிஷர் நம்பியது பொய்த்ததா? இல்லை. 1930 இல் எடுத்த குடிசன மதிப்பின்படி அமெரிக்க வீடுகளிற் பத்தில் நான்கில் வானொலி இருந்தது. 1940 இல் அது பத்தில் எட்டுக்கு மேலாயிற்று. இடைப்பட்டது நாடு கண்ட மிகக் கொடிய பஞ்சகாலம். அப்பஞ்சத்திலும் மக்கள் வானொலி வாங்கினர். அதே கம்பனி 1939 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே தொலைக்காட்சியை மக்களுக்கு அறிமுகஞ் செய்தது. புதுமையைப் பற்றிய அவரது கணிப்பு ஏறத்தாழ முற்றும் சரி. விலையைப் பற்றிய கணிப்பு முற்றும் பிழை. ஒரு பொருள் உலகை மாற்றும் என்பதிலிருந்து, அதனைச் செய்யும் கம்பனியின் பங்கு இன்ன விலை பெறும் என்பது பெறப்படாது. மாற்றத்தின் பயனிற் பெரும் பங்கு வாங்குவோருக்கும் போட்டியாளருக்கும் போய்விடலாம். அன்றி, நற்பயன் முழுவதையும் இன்றைய விலையே விழுங்கிவிட்டிருக்கலாம். தம் பொறியிலே எல்லாத் தொட்டிகளையும் வைத்த பேராசிரியர், வாங்குவோர் உள்ளத்தையும் அவர்கள் பட்ட கடனையும் வைக்க மறந்துபோனார். அன்றியும், அவருடைய சொந்தச் செல்வமே அக்கணிப்பின்மீது நின்றது. தன் வீட்டு அத்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்க்க யார் மனந்தான் இசையும்?

வீட்டைப் பற்றிச் சொன்னேன். கடன்காரர் நெருக்கியபோது அவர் மனைவியின் தமக்கையாராகிய கரோலைன் ஹசாட் அம்மையாரிடம் கையேந்தினார். அவ்வம்மையார் வெல்ஸ்லி மகளிர் கல்லூரியின் தலைவராயிருந்து இளைப்பாறியவர். அவர் கொடுத்த கடன் பல இலட்சம் டொலராயிற்று. அதனைப் பிஷரால் இறுதிவரை தீர்க்க முடியவில்லை. சீதன வீட்டை யேல் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி அவரை வாடகைக்கு இருக்க விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தக்காரராய் வாழ்ந்த மனையிலே குடியிருப்பாளராய் வாழ்ந்து, பின் அதனையும் விட்டு வெளியேறினார்.

அவர் சொல்லை நம்பிய எண்ணிறந்த சிறு முதலீட்டாளருக்குச் செல்வத் தமக்கையார் எவரும் இருக்கவில்லை. அமெரிக்காவில் மூண்ட தீ கடல் கடந்தும் பரவியது. தேயிலையும் றப்பரும் விலையிழந்தன; மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர் வேலை நீக்கப்பெற்று ஊர் திரும்பினர். நியூயோர்க் நகரின் பங்குச் சந்தை எங்கிருக்கின்றதென்றே அறியாத குடும்பங்களும் அவ்வாண்டுகளில் அரைவயிறு உண்டன.

இத்தனைக்கும் பின் பிஷர் செய்த செயல் ஒன்றுண்டு. அவரை வெறும் நகைப்புக்குரியவராகக் கொள்வோர் அதனைக் கூறுவதில்லை. 1933 இல் பெருமந்தத்துக்குக் காரணங் கூறும் புதிய கொள்கையொன்றை வெளியிட்டார். மக்கள் அளவுக்கு மிஞ்சிக் கடன்படுகின்றனர். அச்சம் வந்ததும் எல்லாரும் ஒரே வேளையில் கடனைத் தீர்க்கச் சொத்தை விற்கின்றனர். அதனால் விலைகள் விழுகின்றன. விலை விழவே, பணத்தின் மதிப்பு ஏறி, எஞ்சிய கடனின் சுமை முன்னையினும் கூடுகின்றது. கட்டக் கட்டக் கடன் வளர்கின்றது. அவ்வளவு கடனை மக்கள் முதற்கண் ஏன் பட்டனர்? புதிய கண்டுபிடிப்புகளும் புதிய தொழில்களும் காட்டும் பேரிலாப ஆசையே தலையாய தூண்டுதல் என்று அவரே அக்கட்டுரையில் எழுதியுள்ளார். தம் துயரத்தையே ஆய்வுப் பொருளாக்கி அறுத்துப் பார்த்த துணிவு அது. அக்காலத்தார் அவரைச் செவிமடுக்கவில்லை. ஒருமுறை கேட்டுக் கெட்டவர் மறுமுறை கேட்பாரா? 2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடி வந்தபோதோ அறிஞர் அக்கட்டுரையைத் தேடியெடுத்துப் படித்தனர்.

அக்கட்டுரை வெளிவந்த சஞ்சிகை, பிஷர் முதற்றலைவராயிருந்த பொருளியற் கணிதச் சங்கத்தினுடையது. அதற்குப் பொருளுதவி செய்தவர் அல்பிரட் கௌல்ஸ் என்னும் செல்வர். பிஷரைப்போலவே அவரும் சயரோகத்தால் கொலராடோ ஸ்பிறிங்ஸ் சென்றவர். வீழ்ச்சிக் காலத்தில் முதலீட்டு ஆலோசனைப் பத்திரங்கள் பலவற்றைச் சந்தா கட்டிப் படித்தவர், இவர்கள் சொல்வது பலிக்கின்றதா என்னும் எளிய வினாவை எழுப்பினார். பதினாறு ஆலோசனை நிலையங்கள் 1928 முதல் 1932 வரை கூறிய ஏறத்தாழ 7,500 ஆலோசனைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவற்றைப் பின்பற்றியவன் பொதுவான பங்குகளை வைத்திருந்தவனிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.43 வீதம் குறைவாகவே பெற்றிருப்பான் என்பது விடை. திருவுளச்சீட்டுப் போட்டு நடந்தாலும் இவ்வளவே பலித்திருக்கும். இவ்வாராய்ச்சியும் அதே சஞ்சிகையில், அதே 1933 ஆம் ஆண்டில், பிஷரின் கட்டுரைக்குச் சில மாதம் முந்தி வெளிவந்தது. இரண்டையும் ஒரே தொகுதியாகக் கட்டி வைத்திருக்கும் நூலகங்கள் பாக்கியமுடையன.

பிஷருக்கு நியாயஞ் செய்யும் மற்றொரு ஆராய்ச்சியும் கூறத்தக்கது. 1988 இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் மூவர், 1929 இல் யேலிலும் ஹவார்டிலும் இருந்தோர் கையிற் கிடைத்த புள்ளிவிபரங்களை எடுத்து, பிற்காலக் கணித முறைகளாற் சோதித்தனர். அம்முறைகளாலும் பெருமந்தத்தை முன்னறிந்திருக்க முடியாதென்பதே அவர்கள் கண்டது. ஆகவே பிஷர் அறியாதிருந்தமை குற்றமன்று. அறியமுடியாததை அறிந்தேன் எனக் கூறியமையும், அதனைப் பேராசிரியர் என்னும் பெயரின் கனத்தோடு கூறியமையுமே குற்றம்.

அவ்வாறு கூறுவோர் அவரோடு ஒழிந்துவிட்டனரா? 1999 இல், கணினிவலைக் கம்பனிகளின் பங்குகள் வானளாவியபோது, டவ் ஜோன்ஸ் சுட்டெண் சில ஆண்டுகளுக்குள் 36,000 ஐ எட்டும் என இருவர் நூலெழுதினர். அது 2021 இலேயே அவ்வெண்ணைத் தொட்டது. தொழினுட்பக் கம்பனிகள் நிறைந்த நாஸ்டாக் சுட்டெண் 2000 மார்ச் 10 இல் 5,048 இல் நின்று, 2002 ஒக்டோபரில் 1,114 க்கு வீழ்ந்தது. பழைய உயரத்தை எட்ட 2015 வரை செல்லவேண்டியதாயிற்று. கணினிவலையோ அன்று சொல்லப்பட்டதினும் அதிகமாக உலகை மாற்றிவிட்டது. வானொலியின் கதையே மீண்டும்.

பிஷர் 1935 இல் யேலிலிருந்து இளைப்பாறினார். 1940 இல் மனைவியார் காலமானார். கையிற் பணமில்லாத முதுமையிலும் அவர் முயற்சி குன்றவில்லை. பணச் சீர்திருத்தம் பற்றி ஓயாது எழுதினார். உலக உருண்டையை இருபது முக்கோணங்களாக மடித்துக் காட்டும் புதுவகைத் தேசப்படமொன்றை 1943 இல் வெளியிட்டார். 1947 ஏப்பிரல் 29 ஆந் திகதி, எண்பதாம் வயதில், நியூயோர்க் நகரிலே உயிர் நீத்தார்.

அவரது அட்டைகளால் வளர்ந்த றெமிங்டன் றான்ட் கம்பனி 1951 இல் அமெரிக்கக் குடிசன மதிப்புத் திணைக்களத்துக்கு யூனிவாக் என்னும் மின்கணினியை வழங்கியது. டவ் ஜோன்ஸ் சுட்டெண், 1929 செப்டெம்பரில் நின்ற உயரத்துக்கு 1954 நவம்பர் 23 ஆந் திகதி திரும்பி வந்தது.